ஒரு நொடி நாயனத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து நான்கு நொடி தோடி ஆலாபனையை வெட்டியெடுத்து, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அடியில் தாளம் சேர்த்துப் புதுப் பாட்டு செய்ய இன்று ஒரு மடிக்கணினி போதும். அந்த நான்கு நொடிக்கு யாரிடம் அனுமதி கேட்பது? தட்டை வெளியிட்ட கம்பெனியிடமா, வாசித்தவரின் வாரிசுகளிடமா? தோடி யாருக்கும் சொந்தமில்லாத ராகம், எதற்காகக் கேட்க வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு.

இசைக்காரர்கள் 'சாம்பிள்' என்று சொல்லும் இந்த ஒலித்துண்டு, 1980களில் அமெரிக்க ஹிப் ஹாப் இசையில் பெரும் வழக்கமாகி, 1991-இல் நீதிமன்றப் படியேறியது. தமிழ்த் திரையிசையில் 2000-க்குப் பின் ரீமிக்ஸ் அலை அடித்தபோது இங்கும் அதே கேள்வி எழுந்தது. பதில்கள் பல திசையிலிருந்து வந்தன: இசை நிறுவனங்கள் ஒன்று சொல்ல, இசையமைப்பாளர்கள் வேறொன்று சொன்னார்கள். நீதிமன்றங்களோ ஊருக்கு ஊர் மாறுபட்டன.

காவிரிப் படுகையில் இந்தக் கேள்வி கூடுதல் கனம் பெறுகிறது. திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜரின் கிருதிகள் முதல், நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில், வயல்வெளியின் நடவுப் பாட்டு, சாவு வீட்டின் ஒப்பாரி, தெருவில் முழங்கும் தப்பு வரை இங்குள்ள ஒலிகளுக்கு உரிமையாளர் என்று ஒரே ஆளைக் காட்டுவது கடினம். பதிப்புரிமைச் சட்டமோ ஆளைக் கேட்கிறது.

ஒரு பாட்டு, இரண்டு உரிமை

ஒரு பாட்டுக்குள் சட்டம் குறைந்தது இரண்டு சொத்துகளைக் காண்கிறது. மெட்டு ஒன்று. அந்த மெட்டை யாரோ பாடி, வாசித்து, பதிவு செய்த ஒலி இன்னொன்று. பாடல் வரி இருந்தால் அது மூன்றாவது. சாம்பிள் எடுப்பவர் ஒலியைத்தான் வெட்டுகிறார். ஆனால் ஒலியோடு மெட்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே இரண்டு பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம்.

இரண்டுக்கும் ஆயுள் வேறு. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மெட்டுக்கும் வரிக்கும் படைத்தவர் இறந்த பின் 60 ஆண்டு பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கோ அது வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு.

'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்காரவேலனே தேவா' பாடலில் இந்தக் கணக்கைக் கூட்டிப் பார்க்கலாம். எஸ். ஜானகியின் குரலோடு நாகஸ்வரத்தில் போட்டிபோடுபவர் காருகுறிச்சி அருணாசலம். அவர் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், படுகையின் வாசிப்பு மரபைத் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுபோனவர். படம் வெளியான ஆண்டு 1962. எனவே அந்த ஒலிப்பதிவின் பாதுகாப்பு 2022 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஆனால் இசையமைத்த எஸ்.எம். சுப்பையா நாயுடு 1979-இல் மறைந்தார். மெட்டின் உரிமை 2039 முடியும்வரை நீடிக்கும். அந்த ஒலியை வெட்டுபவருக்குப் பதிவின் சொந்தக்காரரிடம் போகும் வேலை இல்லை, மெட்டின் சொந்தக்காரரிடம் போகும் வேலை இன்னும் இருக்கிறது.

'தில்லானா மோகனாம்பாள்' 1968-இல் வந்தது. படத்தில் ஒலிக்கும் நாகஸ்வரம் மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி வாசித்தது. அந்த ஒலிப்பதிவு 2028 டிசம்பரோடு பொதுவுடைமையாகும். இசையமைத்த கே.வி. மகாதேவன் 2001-இல் மறைந்ததால் அவருடைய மெட்டுகள் 2061 வரை பாதுகாப்பில் இருக்கும். ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956-இல். அவர் காலத்தில் வெளியான தட்டுகள் எதற்கும் இன்று பதிவுரிமை மிச்சமில்லை. ஆலாபனையை அவரே படைத்த இசையாக்கம் என்று கொண்டாலும் அதன் காலமும் 2016-இல் முடிந்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அசல் தட்டு பொதுவுடைமையானாலும், அதன் இரைச்சலை நீக்கிச் செம்மைப்படுத்தி அண்மையில் வெளியிட்ட குறுந்தகடோ இணையப் பதிவோ புதிய பதிவாகுமா? அதில் புதிதாக 60 ஆண்டு தொடங்குமா? வெறும் தொழில்நுட்பச் சுத்திகரிப்பு புதிய உரிமையை உண்டாக்காது என்பது வலுவான வாதம். ஆனாலும் கவனமாக இருப்பவர்கள் தட்டையே தேடிப்பிடித்து அதிலிருந்து எடுக்கிறார்கள்.

இரண்டு உரிமையும் வேறு வேறு என்பதைக் காட்டும் அமெரிக்க வழக்கு ஒன்று புகழ்பெற்றது. ஜேம்ஸ் நியூட்டன் என்ற புல்லாங்குழல் கலைஞரின் 'கொயர்' பதிவிலிருந்து பீஸ்டி பாய்ஸ் குழு ஆறு நொடியை எடுத்தது. பதிவின் உரிமையாளரிடம் பணம் கட்டி அனுமதி வாங்கியது, மெட்டுக்கு வாங்கவில்லை. மூன்று சுரம் கொண்ட அந்தத் துண்டு மெட்டு என்ற வகையில் மிகச் சிறியது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நியூட்டனின் வாசிப்பு முறையே அதன் சிறப்பு, ஆனால் அது பதிவின் கணக்கில் சேர்ந்துவிட்டது. கமகத்தில் உயிர் வாழும் இசைக்கு இந்தப் பாகுபாடு எவ்வளவு பொருந்தும் என்று கேட்க இடமிருக்கிறது.

'எடுத்தால் கேள்'

முதல் நிலைப்பாடு கறாரானது: எவ்வளவு சிறிய துண்டானாலும் அனுமதி வேண்டும். 1991-இல் நியூயார்க்கில் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாடலை அனுமதியின்றி எடுத்த ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிராக வந்த தீர்ப்பு, திருடாதே என்ற வேதாகமக் கட்டளையோடு தொடங்கியது. 2005-இல் பிரிட்ஜ்போர்ட் வழக்கில் இன்னொரு அமெரிக்க நீதிமன்றம், கிட்டார் ஒலி இரண்டு நொடியே ஆனாலும், உரிமம் வாங்கு, இல்லையேல் சாம்பிள் எடுக்காதே என்று தெளிவாக வரைந்தது.

இதன் பலம் எளிமை. எத்தனை நொடி, எவ்வளவு மாற்றம் என்ற வாதத்துக்கே இடமில்லை. இசை நிறுவனங்கள் இதையே விரும்புகின்றன. இந்தியச் சட்டத்திலும் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு, அந்தப் பதிவைப் பொதிந்த வேறொரு பதிவைச் செய்யும் தனியுரிமை தரப்பட்டிருக்கிறது.

பலவீனம், உரிமையாளர் யார் என்பதே தெளிவாக இல்லாதபோது தெரிகிறது. 'ஆராதனா' (1969) படப் பாடலிலிருந்து சுமார் ஒரு நொடியை இசைத் தயாரிப்பாளர் டிம்பலண்ட் எடுத்ததாகச் சரிகமா நிறுவனம் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 2011-இல் தீர்ப்பு அதற்கு எதிராக வந்தது. சரிகமாவின் முன்னோடியான கிராமபோன் கம்பெனி படத்தயாரிப்பாளரோடு 1967-இல் செய்த ஒப்பந்தம் இரண்டு ஆண்டு தனியுரிமையைத்தான் தந்தது, பதிவே சொந்தமாகிவிடவில்லை என்றது நீதிமன்றம். நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து யாருக்கு எது சொந்தம் என்பதை ஒரு பழைய தாளின் ஒரு பத்தி தீர்மானித்தது. பல நிறுவனங்கள் கைமாறிய தமிழ் இசைத்தட்டுகளிலும் இதே சிக்கல் எழக்கூடும்.

'துளிக்குக் கணக்கில்லை'

இரண்டாம் நிலைப்பாடு, அற்பமான அளவைச் சட்டம் பொருட்படுத்தக் கூடாது என்பது. மடோனாவின் 'வோக்' பாடலில் இருந்த 0.23 நொடி ஊதுகருவி ஒலி குறித்த வழக்கில், சாதாரணக் கேட்போர் அடையாளம் காணமாட்டார்கள் என்று 2016-இல் அமெரிக்காவின் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, பிரிட்ஜ்போர்ட் விதியை ஏற்க மறுத்தது. ஒரே நாட்டில் இரண்டு விதி நிலவுகிறது.

ஐரோப்பாவில் கிராஃப்ட்வெர்க் குழுவின் 'மெட்டால் ஆஃப் மெட்டால்' (1977) பதிவின் இரண்டு நொடித் தாளத்துக்காக இருபது ஆண்டுக்கு மேலாக வழக்கு நடந்தது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு நடுவழியைச் சொன்னது: துண்டு எவ்வளவு சிறியதானாலும் அனுமதி வேண்டும், ஆனால் காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றியிருந்தால் அது மறுபதிவாகாது.

இந்தியாவில் இந்தப் போக்குக்கு ஓர் அடித்தளம் உண்டு. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடகி ஒருவர் பாடிய சில வரிகளும், ஒரு நுகர்வோர் விளம்பரத்தில் வந்த 'கஜ்ரா ரே' துணுக்கும் குறித்த வழக்கில், 2012-இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, அற்பமான எடுப்பு என்ற விலக்கு பதிப்புரிமைக்கும் பொருந்தும் என்றது. எடுத்த அளவு, விளைந்த கேடு, எடுத்தவரின் நோக்கம் ஆகியவற்றை எடைபோடும்படி சொன்னது.

ஆனால் அளவைக் கொண்டு எடைபோடுவது எப்போதும் உதவாது. 2008-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் 'கிரேஸி 4' படப் பாடல் வழக்கில், ராம் சம்பத் ஒரு விளம்பரத்துக்கு அமைத்த சிறு இசைத்துண்டு படப் பாடலில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டது. அந்தத் துண்டை எடுத்துவிட்டால் பாட்டு நிற்காது என்பதால் தடை விதித்தது. நான்கு நொடி நாகஸ்வரமும் ஒரு பாட்டின் முகமாக முடியும். அப்படியானால் நொடிகளை எண்ணிப் பயனில்லை.

'படைத்தவரைக் கேள்'

மூன்றாம் நிலைப்பாட்டைத் தமிழ் வாசகர்கள் இளையராஜா வழியாக நன்கு அறிவார்கள். பதிவின் உரிமை யாரிடம் இருந்தாலும் இசையைப் படைத்தவரின் ஒப்புதல் வேண்டும் என்பது இதன் சாரம்.

இதன் வேர் 1977-இல் இருக்கிறது. படத்துக்காகக் கட்டணம் பெற்று எழுதிய இசையின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று உச்ச நீதிமன்றம் அப்போது தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பின்குறிப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடகருக்குச் சட்டத்தில் உரிமை இல்லாத குறையையும் சுட்டினார். 2012-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை, தயாரிப்பாளருக்கோ இசை நிறுவனத்துக்கோ முழுவதுமாக எழுதிக்கொடுக்க முடியாதபடி செய்தது. அதற்கும் முன்பிருந்தே 57-ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைப்பாளியின் பெயரையும் படைப்பின் மாண்பையும் காத்துவந்தது.

2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் இளையராஜாவின் தார்மீக உரிமையை உறுதிசெய்தது. 2025-இல் 'குட் பேட் அக்லி' படத்தில் அவருடைய மூன்று பழைய பாடல்கள் வந்தபோது, உரிய இசை நிறுவனங்களிடம் அனுமதி பெற்றதாகப் படத்தரப்பு சொன்னது. அதையும் மீறி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஓர் உரிமைக்கு வாங்கிய கடிதம் இன்னோர் உரிமைக்குப் போதாமல் போகலாம் என்பது இதில் புலப்படுகிறது.

வெளிநாட்டில் இதே உரிமைக்கோரலின் போக்கு வேறு. 'ஜோதி' (1981) படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாடலை எடுத்து 2002-இல் 'அடிக்டிவ்' என்ற பாட்டு வெளியானது. இசையமைப்பாளர் பப்பி லாஹிரியின் பெயர் சேர்க்கப்படும்வரை விற்கக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலீஸ் நீதிமன்றம் முதலில் தடுத்தது. ஆனால் இந்தியப் படநிறுவனத்துக்கே உரிமை போயிருந்தது தெரியவந்ததும் அவருடைய பதிப்புரிமைக் கோரிக்கை நிற்கவில்லை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் அனுபவத்தில் தெரிகிறது. தார்மீக உரிமைக்கும் வணிக உரிமைக்கும் எல்லை எங்கே என்பது வழக்குக்கு வழக்கு மாறுகிறது. மாண்புக்குக் கேடு என்றால் என்ன என்பதற்குத் தெளிவான அளவுகோல் இல்லை. பெரிய இசையமைப்பாளருக்கு வழக்கறிஞர் உண்டு. பெயர் பதிவாகாத கிராமியப் பாட்டின் ஆசிரியருக்கு இந்தக் கதவு திறப்பதே இல்லை.

'மரபு பொதுச்சொத்து'

நான்காம் நிலைப்பாடு படுகைக்கு மிக நெருக்கமானது. தியாகராஜர் 1847-இல் மறைந்தார். முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் கிருதிகளும் எல்லோருக்கும் பொது. ராகமும் தாளமும் யாருடைய உடைமையும் அல்ல. மரபிலிருந்து எடுத்து மரபுக்கே திருப்பிக் கொடுப்பதுதான் கச்சேரி மேடையின் இயல்பு. அங்கே அனுமதி கேட்பது மரியாதைக்கு, சட்டத்துக்கு இல்லை.

மெட்டைப் பொறுத்தவரை இது சரி. பதிவைப் பொறுத்தவரை சரியில்லை. சென்ற ஆண்டு ஒரு நாகஸ்வர வித்வான் 'எந்தரோ மகானுபாவுலு' வாசித்துப் பதிவு செய்தால், கிருதி பொது, அந்தப் பதிவு தனியுடைமை. இணையத்தில் ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் தானியங்கிகளுக்கு இந்த வேறுபாடு எப்போதும் பிடிபடும் என்று சொல்ல முடியாது.

மரபு என்ற சொல்லே சண்டைக்களமாகும் என்பதைக் காட்டியது 'பொன்னியின் செல்வன் 2' (2023). சோழர் கதைக்காக ஏ.ஆர். ரகுமான் அமைத்த 'வீரா ராஜ வீரா' பாடல், வட இந்திய துருபத் மரபைச் சேர்ந்த தாகர் சகோதரர்களின் 'சிவ ஸ்துதி' உருப்படியிலிருந்து எடுத்தது என்று உஸ்தாத் ஃபயாஸ் வாசிஃபுத்தீன் தாகர் வழக்குத் தொடுத்தார். இது பதிவை வெட்டிய வழக்கல்ல, இசையாக்கம் பற்றியது. ஆனால் கேள்வியின் ஆணிவேர் ஒன்றுதான்.

2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி பிரதிபா எம். சிங் தாகர் தரப்புக்கு ஆதரவாக இடைக்கால உத்தரவிட்டு, பெயர்க் குறிப்பை மாற்றவும் இரண்டு கோடி ரூபாய் கட்டவும் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நீக்கியது. ஒரு உருப்படியைப் பாடிப் புகழ்பெற்றதால் மட்டும் அதைப் படைத்தவர் என்று கொள்ள முடியாது, படைத்ததற்கு ஆதாரம் வேண்டும் என்பது அமர்வின் நோக்கு.

வாய்மொழியாக வந்த இசைக்கு இது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. மரபு பொதுவாகவே இருக்கட்டும் என்போருக்கு ஆறுதல். குரு வீட்டில் பிறந்த உருப்படியை எழுதிவைக்காத குடும்பங்களுக்குக் கவலை. 1994 வரை சட்டத்தின் வரையறையே, மெட்டும் சுரச்சேர்க்கையும் எழுத்திலோ குறியீட்டிலோ இருந்தால்தான் இசைப்படைப்பு என்று கொண்டது. மனோதர்மமாகப் பிறந்த ஆலாபனையும், வெறும் லயமாகிய தவில் தனியும் அந்த வரையறைக்குள் அடங்கவில்லை.

'வாசித்தவர் எங்கே?'

ஐந்தாம் நிலைப்பாடு மற்ற நான்கும் விட்டுவிட்ட ஆளைத் தேடுகிறது: ஊதியவர், அடித்தவர், பாடியவர்.

படுகையில் இந்தக் கைகள் தெளிவாகத் தெரியும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள். ராஜரத்தினம் பிள்ளைக்காக நீளம் கூட்டிய பாரி நாயனத்தை வடித்தவர் அந்த ஊரின் ரங்கநாதன் ஆசாரி. காவிரிக் கரையில் வளரும் நாணலை வேகவைத்துக் காயவைத்துச் சீவாளி கட்டுகிறார்கள். ஒவ்வொரு வித்வானும் தன் உதட்டுக்கு ஏற்றபடி அதைச் சீவிப் பதமாக்குகிறார். ஒரு நொடி ஒலிக்குள் இவ்வளவும் இருக்கிறது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, தஞ்சாவூர் வீணைக்கு 2013-இலேயே கிடைத்தது. ஆனால் அந்தக் குறியீடு கருவியைக் காக்கும். அதிலிருந்து எழும் ஒலியை யார் வெட்டினாலும் அதற்கு வேலையில்லை.

நிகழ்த்துவோர் உரிமை இந்தியச் சட்டத்தில் 1994-இல் வந்தது. 2012-இல் வலுப்பெற்றது. தன்னை அடையாளம் காட்டும்படி கேட்கவும், தன் நிகழ்த்துதல் சிதைக்கப்பட்டால் தடுக்கவும் கலைஞருக்கு இப்போது இடமுண்டு. ஆனால் நேரத்துக்குள் அடக்குவதற்காகவோ தொகுப்பதற்காகவோ ஒரு பகுதியை நீக்குவது சிதைப்பாகாது என்று விளக்கமும் கூடவே இருக்கிறது. நான்கு நொடியை வெட்டி, சுருதி மாற்றி, ஐம்பது முறை ஓட்டுவது தொகுப்பா, சிதைப்பா? விடை தெளிவில்லை.

இந்த இடைவெளியின் விலையை உலகம் பார்த்திருக்கிறது. தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' (1969) பதிவில் கிரிகரி கோல்மன் அடித்த ஆறு நொடி டிரம்ஸ், ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு அடித்தளமானது. அவருக்கு அதிலிருந்து எதுவும் வராமலே 2006-இல் இறந்தார். சாலமன் தீவுகளில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டை, ஆய்வாளர் ஹியூகோ செம்ப் பதிவு செய்தார். அது 1992-இல் டீப் ஃபாரஸ்ட் குழுவின் வெற்றிப் பாட்டாயிற்று. தாம் அதற்குச் சம்மதிக்கவில்லை என்று செம்ப் பின்னர் எழுதினார். தைவான் பழங்குடிப் பாடகர் டிஃபாங்கின் குரல் எனிக்மா குழுவின் பாட்டில் வந்தபோது அவர் வழக்குத் தொடுத்தார். 1999-இல் சமரசம் ஏற்பட்டு, பெயரும் சேர்க்கப்பட்டது. இந்த ஒலிகளுக்கு அனுமதி தரும் கையெழுத்து ஏதோ ஒரு கம்பெனியிலோ ஆவணக் காப்பகத்திலோ இருந்தது. பாடியவரிடம் இல்லை.

தப்புக்கும் ஒப்பாரிக்கும் இது அப்படியே பொருந்தும். தஞ்சை வட்டாரத்தில் பறையைத் தப்பு என்பார்கள். அடிகளை வாசித்து வளர்த்தவை தலித் குடும்பங்கள். விழாக் குழுவோ ஆய்வாளரோ பதிவு செய்தால், சட்டப்படி அந்தப் பதிவின் உரிமை பதிவு செய்தவரிடம் போகிறது. அடி யாருடைய மெட்டும் இல்லை என்று முடிகிறது. நாட்டார் வெளிப்பாடுகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. உலக அறிவுசார் சொத்து அமைப்பு 2024-இல் மரபணு வளங்களுக்கும் அவற்றைச் சார்ந்த அறிவுக்கும் ஓர் உடன்படிக்கை கண்டது. மரபுப் பண்பாட்டு வெளிப்பாடுகள் இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கின்றன.

இந்த நிலைப்பாட்டுக்கும் சிக்கல் உண்டு. ஒரு சமூகத்தின் சார்பில் யார் கையெழுத்துப் போடுவது? ஒரே அடியை நாலு ஊர்க் குழுக்களும் வாசித்தால் பங்கு யாருக்கு? கட்டணம் கேட்கும் அதிகாரம் ஒரு சங்கத்திடம் போனால், அந்தச் சங்கத்துக்கு வெளியே நிற்கும் கலைஞருக்கு என்ன? இவற்றுக்கு விடை சொல்லாமல் சமூக உரிமையைப் பிரகடனம் செய்வது எளிது, நடத்துவது கடினம்.

நடைமுறை எப்படிப் போகிறது

நிலைப்பாடுகள் எப்படியிருந்தாலும், பாட்டு வெளியாக வேண்டியவர்களுக்கு ஒரு வழி வேண்டும். முதலில் பதிவின் உரிமையாளரைக் கண்டுபிடிக்கிறார்கள். பழைய தட்டுகளில் பெரும்பங்கு கிராமபோன் கம்பெனியின் வாரிசாகிய சரிகமாவிடம் இருக்கிறது. பிறகு மெட்டின், வரியின் உரிமையாளர். கச்சேரி மேடைக்கோ ஹோட்டலில் ஒலிக்கவிடுவதற்கோ உரிமச் சங்கங்கள் தரும் பொது அனுமதி, பதிவை வெட்டி ஒட்ட அனுமதியாகாது. அதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.

நல்ல கடிதத்தில் சில விவரங்கள் கட்டாயம் இருக்கும்: அசல் பதிவில் எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை, புதுப் பாட்டில் எத்தனை முறை, எந்தெந்த ஊடகம், எந்தெந்த நாடு, எத்தனை ஆண்டு, முன்பணம் எவ்வளவு, வருமானத்தில் பங்கு எவ்வளவு, யார் பெயர் எங்கே வரும். பாட்டு வெளியாகும் முன்பே இதை முடிப்பவர்கள் பேரம் பேச முடியும். வெளியாகி ஓடத் தொடங்கிய பின் கேட்பவர்கள், உரிமையாளர் சொல்லும் விலைக்கே போக வேண்டியிருக்கும்.

சட்டத்தில் குறுக்குவழி ஏதும் உண்டா? 2012-இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு, முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டு கழிந்த பாட்டை, முன்னறிவிப்புக் கொடுத்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கட்டி, புதிதாகப் பாடிப் பதிவு செய்ய இடம் தருகிறது. ஆனால் தொழில்நுட்பத் தேவைக்கு அப்பாற்பட்ட மாற்றம் கூடாது. பழைய ஒலியையே எடுக்கும் சாம்பிளுக்கு இது உதவாது. சாம்பிளுக்கும் இதைப் போன்ற கட்டாய உரிமம் வேண்டும், விலையை ஒரு வாரியம் குறிக்கட்டும் என்பது பல நாடுகளில் பேசப்படும் யோசனை. சிறு கலைஞர்களுக்கு அது வழிவிடும். அதே வேகத்தில், வேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் படைப்பாளியிடமிருந்து பறிக்கும்.

இன்னொரு வழி ஒலித்தொகுப்புகள். ஸ்விஸ் நிறுவனமான ஸ்வர் சிஸ்டம்ஸ் போன்றவை இந்தியக் கருவிகளின் ஒலிகளைப் பதிவு செய்து, உரிமத்தோடு விற்கின்றன. வாங்குபவருக்கு வழக்குப் பயம் இல்லை. ஆனால் அந்த ஒலியை வாசித்த கலைஞருக்கு ஒருமுறைக் கூலியா, தொடர் பங்கா என்பதை உள்ளே இருக்கும் ஒப்பந்தமே தீர்மானிக்கிறது.

கடைசி வழி மிக எளியது, படுகைக்கு மிகப் பொருத்தமானதும்கூட. தியாகராஜர் கிருதியின் ஒரு வரியோ தோடியின் ஒரு பிடியோ வேண்டுமென்றால், கும்பகோணத்திலோ திருவாரூரிலோ வாழும் ஒரு வித்வானை அழைத்துப் புதிதாக வாசிக்கச் சொல்லலாம். மெட்டுக்கு அனுமதி தேவையில்லை. பதிவு, பதிவு செய்தவருடையதாகும். கலைஞருக்குச் சம்பளமும் பெயரும் பங்கும் எழுத்தில் கொடுக்க முடியும். குறை ஒன்றுண்டு: சாம்பிள் எடுப்பவர் பெரும்பாலும் தேடுவது மெட்டை அல்ல, பழைய தட்டின் இரைச்சலோடு கூடிய அந்த மூச்சை. அதைப் புதிதாக வாசிக்க முடியாது.

மதிப்பீடு

ஐந்து நிலைப்பாடுகளையும் அருகருகே வைத்தால் ஓரளவு உடன்பாடு தெரிகிறது. காலம் முடிந்த பதிவுக்கும் மரபுக் கிருதிக்கும் சட்ட அனுமதி தேவையில்லை. காலம் முடியாத வணிகப் பதிவின் அடையாளம் தெரியும் துண்டுக்கு, பதிவின் உரிமையாளர், மெட்டின் உரிமையாளர் இருவரையும் கேட்பதே பாதுகாப்பு. இளையராஜா வழக்குகளின் பின், உயிரோடிருக்கும் இசையமைப்பாளரையும் கேட்பது விவேகம் என்ற எண்ணம் தமிழ்த் திரையுலகில் வலுத்துவருகிறது.

தீராதவை பல. அடையாளம் தெரியாதபடி மாற்றிய துண்டு பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் நேரடியாக விரிவான விதி சொல்லவில்லை. டெல்லி அமர்வின் அற்ப அளவு விலக்கு ஒலிப்பதிவுச் சாம்பிளுக்கு எவ்வளவு நீளும் என்பது சோதிக்கப்பட வேண்டியது. மறுசெம்மைப் பதிவுகளின் நிலை தெளிவில்லை. வாய்மொழி மரபில் படைப்பாளி யார் என்பதை நிறுவ என்ன ஆதாரம் போதும் என்ற கேள்வியைத் தாகர் வழக்கு எழுப்பியதே தவிர முடித்துவைக்கவில்லை.

இவற்றில் மிகக் கனமானது வாசித்தவரின் பங்கு. உரிமையாளரைக் கண்டுபிடிப்பதில் சட்டம் எழுபது ஆண்டாகக் கூர்மை பெற்றிருக்கிறது, ஒலியை உண்டாக்கியவரைக் கண்டுபிடிப்பதில் இன்னும் தயங்குகிறது. இதைச் சட்டத்திருத்தம் வரும்வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. தஞ்சாவூரில் 1986 முதல் இயங்கும் தென்னகப் பண்பாட்டு மையம் போன்ற நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும், பதிவு செய்யும் நாளிலேயே கலைஞரின் பெயர், ஊர், மறுபயன்பாட்டுக்கான சம்மதம், பங்கு ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதிவைக்கலாம். அது சமூக உரிமைக் கேள்விக்கு முழு விடையாகாது. ஆனால் பின்னால் வரும் தலைமுறைக்குக் கேட்க ஓர் ஆள் இருப்பார்.

2028 முடியும்போது 'தில்லானா மோகனாம்பாள்' ஒலிப்பதிவு பொதுவுடைமையாகும். அப்போது அந்த நாகஸ்வரத்தை வெட்ட விரும்புவோர் மெட்டுக்கு அனுமதி கேட்க வேண்டும், பதிவுக்குக் கேட்க வேண்டியதில்லை. வாசித்தவர்களின் குடும்பங்களுக்குத் தற்போதைய சட்டத்தில் இடம் இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அந்த இடத்தை நாடாளுமன்றம் உருவாக்குமா, ஒப்பந்தங்கள் உருவாக்குமா, இரண்டும் இல்லாமல் போகுமா என்பது இன்னும் முடிவாகவில்லை.